மாட்டுத் தொழுவத்தில் மனம் இலேசாவது பிரமையா?

கேள்வி: கோத்தகிரியில் கணக்கராகப் பணிபுரிகிறேன். வயது 43. ஆண்டுக்கணக்கு முடிக்கும் நெருக்கடியில் தொடங்கிய படபடப்பும் தோள் இறுக்கமும் இன்னும் விட்டபாடில்லை. பக்கத்து வீட்டு அக்கா மூன்று ஜெர்சி கலப்பினப் பசுக்கள் வளர்க்கிறார். மாலையில் அவற்றின் அருகே சற்று நேரம் நின்றுவிட்டு வந்தால் மனம் இலேசாகிறது. இது உண்மையான பலனா, வெறும் பிரமையா? முறையாகச் செய்ய வழி உண்டா? நானே ஒரு மாடு வாங்கிவிடலாமா?

பதில்: பிரமை இல்லை. ஆனால் பலன் எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால்தான் அது நீடிக்கும். ஒரு கால்நடை மருத்துவராக நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது இதுதான்: மாட்டைக் கொஞ்சப் போகாதீர்கள், மாட்டுக்கு வேலை செய்யப் போங்கள்.

2023 பிப்ரவரியில், காதலர் தினத்தன்று பசுவைக் கட்டியணைக்குமாறு இந்திய விலங்குகள் நல வாரியம் வேண்டுகோள் விடுத்து, சில நாள்களிலேயே அதைத் திரும்பப் பெற்றது உங்களுக்கு நினைவிருக்கலாம். நெதர்லாந்திலும் பசுவை அணைத்து இளைப்பாறும் வழக்கம் உண்டு. அணைப்பில் சுகம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அறிமுகமில்லாத ஒருவர் கழுத்தைக் கட்டிக்கொள்வதை எல்லா மாடும் பொறுத்துக்கொள்ளாது. தலையை ஒருமுறை வேகமாகத் திருப்பினால் போதும், உங்கள் பல் உடையும்.

நார்வேயில் மனநலச் சிகிச்சை பெற்றுவந்த 90 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்து, 2008இல் வெளியானது. அவர்களில் ஒரு பகுதியினர் வாரம் இருமுறை, மூன்று மணி நேரம், 12 வாரங்கள் பண்ணைகளில் கால்நடைகளோடு வேலை செய்தார்கள். 12 வாரம் முடிந்த உடனே பெரிய மாற்றம் தெரியவில்லை. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை அவர்களிடம் கூடியிருந்தது. மனச்சோர்வு உள்ளவர்களைக் கறவைப் பண்ணையில் வைத்துச் செய்த பிந்தைய ஆய்வில், வேலையைப் படிப்படியாகக் கற்றுத் தேறியவர்களிடமே முன்னேற்றம் தெளிவாகத் தெரிந்தது. இவர்கள் யாரும் வழக்கமான சிகிச்சையை நிறுத்தவில்லை என்பதையும் கவனியுங்கள். விலங்கோடு பழகினால், பாசப் பிணைப்போடு தொடர்புள்ள ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் நாய் வளர்ப்பவர்களிடம் நடந்தவை. அதை மாட்டுக்கு அப்படியே பொருத்திப் பேசுவதை நான் ஏற்பதில்லை.

முதல் சில நாள்கள் எதையும் தொடாமல் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். பசு ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசை போடும். படுத்திருக்கும் பசுவின் கழுத்தில் இடப்பக்கத்தைக் கவனியுங்கள். ஓர் உருண்டை அடியிலிருந்து மேலே ஏறுவது தோலுக்குக் கீழே தெரியும். அதை ஐம்பது தடவை அளவில் மென்று விழுங்கும். தாடை சில விநாடி ஓய்ந்திருக்கும், பிறகு அடுத்த உருண்டை ஏறும். அந்த இடைவெளியில் நீங்களும் மூச்சை மெதுவாக வெளியே விட்டுப் பழகுங்கள். மிரண்ட மாடு அசை போடுவதை நிறுத்திவிடும். ஆகவே நீங்கள் அருகில் நிற்கும்போதும் அது மென்றுகொண்டே இருந்தால் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள்.

பிறகு நெருங்கலாம். மாட்டுக்கு நேர் பின்னால் நிற்பவர் அதன் கண்ணுக்குத் தெரியமாட்டார், உதை விழுவது அங்கேதான். தோள்பட்டைப் பக்கமாக, மெல்லக் குரல் கொடுத்துக்கொண்டே செல்லுங்கள். நெற்றியைத் தள்ளி விளையாட வேண்டாம். கன்றாக இருக்கும்போது பழகிய முட்டல் வளர்ந்த பிறகு ஆபத்தாகும். கழுத்துக்கு அடியில் தொங்கும் தோலை நீளவாக்கில் தடவிக் கொடுங்கள். அந்த இடத்தைத் தடவினால் பசுக்கள் கழுத்தை நீட்டிக் காதைத் தொங்கவிடுவதை ஆய்வாளர்களும் பதிவு செய்திருக்கிறார்கள், அக்காவைக் கேட்டால் அவரும் அதையே சொல்வார். புதிதாக ஈன்ற பசு கன்றோடு இருக்கும்போது மட்டும் தள்ளி நில்லுங்கள்.

அடுத்தது வேலை. சாணம் அள்ளுவது, தண்ணீர் காட்டுவது, தேங்காய் நாரால் உடம்பைத் தேய்த்துவிடுவது என்று சிறியதாக ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அக்காவின் பால் சொசைட்டி நேரத்துக்கு இடைஞ்சல் வராமல், அவர் சொல்கிற முறையிலேயே செய்யுங்கள். சில மாதம் கழித்துக் கறக்கக் கற்றுத்தரச் சொல்லுங்கள். உங்களைப் போன்றவருக்கு நான் மிகவும் பரிந்துரைப்பது இதைத்தான். காம்பைத் தொட்டதும் மாட்டின் மூளையிலிருந்து ஆக்சிடோசின் சுரந்து மடியில் பால் இறங்குகிறது. மாடு மிரண்டால் பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் அதற்குக் குறுக்கே நிற்கும், மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அவசரக் கையோடு உட்கார்ந்தால் பால் வராது, மாடு கால் மாற்றி மாற்றி நிற்கும். உங்கள் தோள் இறங்கி, பிடி சீரானால் பீய்ச்சும் சத்தமே மாறிவிடும். படபடப்பு குறைந்ததா என்பதை நீங்களாக யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மலைப்பகுதி என்பதால் சில எச்சரிக்கைகள். இருட்டுவதற்குள் வீடு திரும்புங்கள். கோத்தகிரியில் மாலைக்கு மேல் தேயிலைத் தோட்டப் பாதைகளில் கரடி நடமாட்டம் இருப்பது உங்களுக்கே தெரியும். சாதுவாக மேய்வது போல் தோன்றும் காட்டெருமை ஒரு டன் எடை வரை வளரும் வனவிலங்கு, அதனிடம் இந்தப் பழக்கமெல்லாம் செல்லாது. தோடர்களின் எருமைகளும் அந்நியரைச் சேர்க்காதவை. அவை அம்மக்களின் வழிபாட்டோடு பிணைந்தவை, மந்து எனப்படும் அவர்களின் குடியிருப்புக்கு அருகே அவற்றை நெருங்க முயலாதீர்கள்.

தொழுவத்துக்கென்று தனிக் காலணி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொழுவத்திலிருந்து இன்னொன்றுக்குக் கோமாரி காலணியிலும் பயணம் செய்யும். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், பச்சைப் பாலைக் குடிக்காதீர்கள், உடலில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கர்ப்பிணிகள் ஆடு, மாடு ஈனும் இடத்துக்குப் போகக் கூடாது. காய்ச்சல் வந்தால், மாடுகளோடு பழகுவதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். புருசெல்லோசிஸ், எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல் ஆகியவற்றுக்குச் சோதிக்க வேண்டுமா என்று அவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார்.

அருகில் மாடு இல்லாத வாசகர்கள் கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி மையத்துக்குப் போய் பாரத் மெரினோ ஆடுகளைப் பார்க்கலாம். ஒருநாள் இளைப்பாறுதலுக்கு நல்லது. வாராவாரம் ஒரே மாட்டிடம் செல்வதற்கு அது ஈடாகாது.

படபடப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடிப்பதாகத் தெரிகிறது. ஆகவே தொழுவத்துக்குப் போய்க்கொண்டே ஒரு மருத்துவரையும் பாருங்கள். தூக்கம் கெட்டாலோ, வாழ்க்கை வெறுத்துப்போகும் எண்ணம் எட்டிப்பார்த்தாலோ காத்திருக்க வேண்டாம். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே பேசலாம்.

மாடு வாங்குவது இப்போதைக்கு வேண்டாம். 400 கிலோ எடையுள்ள கறவை மாட்டுக்கு நாளுக்கு 25 முதல் 30 கிலோ பசுந்தீவனம் தேவை. மழையானாலும் திருமணமானாலும் இருவேளை கறந்தாக வேண்டும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்தால் புல் கருகிவிடும். தவிர, மாடு கூட்டமாக வாழ்ந்து பழகியது, ஒற்றையாகக் கட்டிப்போட்டால் ஏங்கும். நெருக்கடியில் இருப்பவர் இன்னொரு நெருக்கடியை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். அக்கா ஊருக்குப் போகும் ஒரு வாரம் மூன்று மாடுகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், கறப்பதற்குத் தெரிந்த ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டு. அதன் பிறகும் மாடு வாங்கும் ஆசை இருந்தால் மறுபடி எழுதுங்கள். எந்த இனம், எத்தனை ஈற்று, என்ன விலை என்று பேசுவோம்.