72 இராகமும் ஒரே மூச்சிலா?

கேள்வி: சென்ற இதழில், தமிழில் பாட்டு இயற்றிய கோடீஸ்வர ஐயரின் கீர்த்தனைகளைக் கேட்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். பாடகர் எஸ். ராஜம் பாடிய 72 மேளகர்த்தா (தாய் இராகம்) கீர்த்தனைகளையும் வேலைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் இருந்தபடி ஒரு கிழமையில் கேட்டு முடித்தேன். ஒன்றுகூட மனதில் நிற்கவில்லை. பல இடங்களில் சுருதி பிசகியது போலவே இருந்தது. நல்ல உருப்படிகள் என்றால் வித்துவான்கள் பாடாமல் விடுவார்களா? தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி என்ற மும்மூர்த்திகள் போதாதா நமக்கு?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: காலி வீதியில் ஹோர்ன் சத்தத்துக்கு நடுவே, ஒரு கிழமைக்குள், 72 இராகங்கள். எப்படி ஐயா மனதில் நிற்கும்? ‘எந்தரோ மகானுபாவுலு’ உங்களுக்கு எப்படி மனதில் நின்றது என்று யோசித்துப் பாருங்கள். பாட்டு வகுப்பு, வானொலி, கோயில் திருவிழா, கல்யாண வீட்டு நாதஸ்வரம் என்று சின்ன வயதிலிருந்து எத்தனையோ தடவை காதில் விழுந்த பாட்டு அது. தியாகராஜருக்கு அத்தனை தடவை கொடுத்தீர்கள். கோடீஸ்வர ஐயருக்கு ஒரே ஒரு தடவை கொடுத்துவிட்டுத் தீர்ப்பும் எழுதிவிட்டீர்கள். இது நியாயமே இல்லை.

சுருதி பிசகவில்லை. 72 மேளங்களில் 40 விவாதி மேளங்கள், அதாவது ரி, க போன்ற சுரங்கள் வழக்கமில்லாத இடத்தில் நெருங்கி நிற்பவை. நீங்கள் தடுக்கி விழுந்தது அங்கேதான். வீட்டில் ஹார்மோனியமோ கீபோர்டோ இருந்தால் 72ஆவது மேளமான ரசிகப்பிரியாவை வாசித்துப் பாருங்கள். ஸட்ஜத்துக்கும் (ஸ) ரிஷபத்துக்கும் (ரி) இடையில் இரண்டு கட்டைகள் சும்மா கிடக்கும். அடுத்த கட்டையிலேயே காந்தாரம் (க), ரிஷபத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பஞ்சமத்துக்கு (ப) மேலே தைவதமும் (த) நிஷாதமும் (நி) அதே மாதிரி. சங்கராபரணத்துக்கும் கல்யாணிக்கும் பழகிய காது, ரிஷபம் வழக்கமான இடத்தில் வரும் என்று காத்திருந்து ஏமாறுகிறது. அந்த ஏமாற்றத்தைத்தான் பிசகு என்று எழுதியிருக்கிறீர்கள்.

விவாதி இராகம் பாடினால் பாடுபவருக்குத் தோஷம் என்று அந்தக் காலத்தில் ஒரு பயம் இருந்தது. இன்றும் சில ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு அவற்றைச் சொல்லிக்கொடுக்கத் தயங்குகிறார்கள். ஆனால் தியாகராஜ உற்சவத்தில் எல்லோரும் கூடி உட்கார்ந்து பஞ்சரத்தினம் பாடுகிறோமே, அதில் முதல் கீர்த்தனை நாட்டை. 36ஆவது மேளமான சலநாட்டையின் குடும்பம், விவாதிதான். வராளியும் அப்படித்தான். அதையெல்லாம் இத்தனை வருடமாகத் தலையாட்டி ரசித்தவருக்கு விவாதி ஒத்துக்கொள்ளாது என்றால் நான் நம்பமாட்டேன்.

நல்லதென்றால் பாடாமல் விடுவார்களா என்று கேட்கிறீர்கள். விடுவார்கள். தியாகராஜருக்கு வாலாஜாபேட்டை, உமையாள்புரம், தில்லைஸ்தானம் என்று மூன்று சீடர் மரபுகள் இருந்தன. அவர்கள் எழுதி வைத்தார்கள், பாடம் சொன்னார்கள், பரப்பினார்கள். அந்தப் பலம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. அதோடு, ஒரு விவாதி இராகத்தை விரித்துப் பாடுவதென்றால் பக்கத்தில் வயலின் வாசிப்பவருக்கும் அதில் நல்ல பழக்கம் வேண்டும். கச்சேரி மேடையில் அந்தச் சிரமத்துக்குத் துணிபவர்கள் குறைவு.

பாட்டு ஊரறிய இருந்தும் பெயர் தெரியாமல் போவதும் உண்டு. டி. எம். சௌந்தரராஜன் பாடிய ‘கற்பகவல்லி நின்’ பாட்டை முணுமுணுக்காத வீடு கொழும்பில் உண்டா? அதை இயற்றியவர் நம்முடைய இணுவில் வீரமணி ஐயர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கோடீஸ்வர ஐயரையும் நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கக்கூடும். கச்சேரித் தொடக்கத்தில் ஹம்சத்வனியில் வரும் ‘வாரணமுக வா’ அவருடையது. பிலஹரியில் ‘இனி நமக்கொரு கவலையும் இல்லை’யும் அவருடையதே.

1870இல் பிறந்தவர், பாடலாசிரியர் கவிகுஞ்சர பாரதியின் பேரன். 72 மேளத்துக்கும் தமிழில், முருகன்மேல், ‘கந்த கானாமுதம்’ என்று பாடி வைத்தார். ஒவ்வொரு பாட்டிலும் இராகத்தின் பெயரைச் சாகித்தியத்துக்குள்ளேயே வைத்துப் பாடியிருக்கிறார். பாட்டுக்குள் தன் அடையாளமாக வைக்கும் ‘கவிகுஞ்சரதாசன்’ என்ற முத்திரையில் பாட்டனாருக்கும் வணக்கம் சொல்லிவிடுகிறார். ஆடிவேல் தேர் ஓடுகிற ஊரில் இருந்துகொண்டு, முருகன்மேல் இத்தனை தமிழ்ப் பாட்டு இருக்கும்போது மூன்று பேர் போதும் என்று கதவைச் சாத்துவது எனக்குப் பொறுக்கவில்லை. தியாகராஜரைத் தெலுங்கில் சொல்லுக்குச் சொல் பொருள் தெரியாமலே நேசிக்கிறோம். நேசிக்கத்தான் வேண்டும். இங்கேயோ ஒவ்வொரு சொல்லும் நேரே வந்து விளங்குகிறது.

ராஜத்தைப் பற்றியும் ஒன்று. பல சங்கீத ஆசிரியர்களின் வீட்டுச் சுவரில் தொங்கும் மும்மூர்த்திகள் படத்தை வரைந்தவர் அவர்தான். மூவரையும் நம் கண்முன் நிறுத்தியவரே கோடீஸ்வர ஐயரைக் காப்பாற்றுவதற்கும் இவ்வளவு பாடுபட்டிருக்கிறார். அவருக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகத் தெரியவில்லை. அந்த ஒலிப்பதிவுகளைக் கச்சேரியாக நினைத்துக் கேட்காதீர்கள். பெரிய ஆலாபனையையும் கைதட்டலையும் தேடாமல், ஒருவர் எதிரே உட்கார்ந்து உங்களுக்குப் பாடம் சொல்வதாக நினைத்துக் கேளுங்கள்.

பஸ்ஸில் வேண்டாம். இரவுச் சாப்பாடு முடிந்து வீடு அடங்கிய பிறகு ஒரே ஒரு பாட்டைப் போடுங்கள். ரசிகப்பிரியாவில் ‘அருள் செய்ய வேண்டும் ஐயா’வோடு தொடங்குங்கள். முதல் தடவை சொற்களை மட்டும் கவனியுங்கள். அடுத்த தடவை அந்த ரிஷபம் எங்கே வருகிறது என்று காத்திருந்து பிடியுங்கள். ஒரு கிழமை முழுக்க அந்த ஒரு பாட்டுத்தான். அது வாயில் வந்த பிறகு ஜோதிஸ்வரூபிணியில் ‘கானாமுத பானம்’. அவசரமே இல்லை, மற்ற எழுபதும் எங்கேயும் ஓடிப்போகாது.

இரண்டையும் இப்படிக் கேட்ட பிறகும் பிடிக்கவில்லை என்றால் எழுதுங்கள். ஒரு சொல்லும் வெட்டாமல் இதே பக்கத்தில் போடுகிறேன்.