குழாய் வழியாக உணவு போகிறது, ஆல்புமின் மட்டும் ஏன் இறங்குகிறது?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்க முடியாததால் மூக்கு வழியாகக் குழாய் வைத்து உணவு கொடுக்கிறார்கள். நடுவில் நிமோனியாவும் வந்துவிட்டது. பத்து நாளில் இரத்தத்தில் இருக்கும் ஆல்புமின் என்ற புரதம் 3.4-லிருந்து 2.6 ஆகிவிட்டது. கொடுக்கும் உணவு உடம்பில் ஒட்டவில்லையா? ஆல்புமின் ஊசி போடச் சொல்லலாமா?

பதில்: இந்த இறக்கத்துக்கு உணவைவிட நிமோனியாதான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆல்புமினைச் செய்வது கல்லீரல். கிருமித்தொற்று வந்ததும் அது சிஆர்பி போன்ற, நோயை எதிர்க்கும் புரதங்களைச் செய்வதில் இறங்கிவிடும். ஆல்புமின் உற்பத்தி குறையும். இரத்தக் குழாய்களிலிருந்து ஆல்புமின் திசுக்களுக்குள் கசியும். போதாததற்கு, ஏற்றும் டிரிப்ஸ் இரத்தத்தை நீர்க்க வைக்கும். அதனால் நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கும் ஓரிரு நாளில் இறங்கிவிடலாம். மாறாக, மாதக்கணக்கில் சாப்பிடாமல் எலும்பும் தோலுமாக இருப்பவருக்கு ஆல்புமின் சரியாகவே இருப்பதும் உண்டு. அதன் அரை ஆயுள் (இருப்பதில் பாதி அழிய ஆகும் காலம்) சுமார் 20 நாள் என்பதால், பத்து நாள் உணவின் பலனை அதில் தேடுவதே தவறு.

சரி, 2 அல்லது 3 நாளே அரை ஆயுள் கொண்ட பிரீஆல்புமின் என்ற இன்னொரு புரதத்தைப் பார்க்கலாமே என்பார்கள். அதுவும் அழற்சியில், அதாவது தொற்று போன்றவற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினையில், இறங்குவதுதான். சிஆர்பி குறையும்போது பிரீஆல்புமின் ஏறினால், தொற்று தணிகிறது என்று மட்டுமே சொல்ல முடியும். ஆல்புமின், பிரீஆல்புமின் இரண்டையும் ஊட்டச்சத்தின் அளவுகோலாகக் கொள்ளக் கூடாது என்று அமெரிக்காவின் ஆஸ்பென் என்ற மருத்துவ ஊட்டச்சத்து அமைப்பும் 2021-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆல்புமின் ஊசி உணவுக்கு மாற்று அல்ல. கல்லீரல் நோயில் வயிற்றிலிருந்து நிறைய நீர் எடுக்கும்போது கொடுப்பது போன்ற சில தேவைகளுக்கானது அது. ஆல்புமின் அளவை ஏற்றுவதற்காக மட்டும் கேட்க வேண்டாம்.

குழாய் உணவு உண்மையிலேயே மாற்றும் அளவுகள் வேறு. பல நாள் சரியாகச் சாப்பிடாதவருக்குத் திடீரென முழு அளவு கொடுத்தால் இன்சுலின் எகிறும். இரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் மளமளவென்று செல்களுக்குள் போய்விடும். பாஸ்பேட் மிகவும் இறங்கினால் மூச்சுத் தசைகள் சோர்ந்துவிடும், இதயத் துடிப்பும் தடுமாறலாம். அதனால்தான் அப்படிப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுகிறோம், முன்கூட்டியே தயமின் (வைட்டமின் பி1) கொடுக்கிறோம், முதல் சில நாள் அடிக்கடி இரத்தம் எடுக்கிறோம். சர்க்கரை ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். குழாயில் தண்ணீர் போதாவிட்டால் சோடியம் கூடும்.

நீங்கள் பார்க்க வேண்டிய தாள் ஒன்று இருக்கிறது: படுக்கையருகே நர்ஸ் எழுதும் உணவுக் கணக்கு. 1500 மி.லி. என்று எழுதியிருப்பார்கள். ஸ்கேனுக்காக நிறுத்தியது, வாந்தியால் நிறுத்தியது எல்லாம் போக 900 மி.லி. தான் உள்ளே போயிருக்கும். இது வார்டுகளில் சாதாரணமாக நடப்பதுதான், ஆனால் கவனிக்காமல் விட்டால் நாளுக்கு நாள் பற்றாக்குறை சேர்ந்துகொண்டே போகும். விட்டுப்போனதை எப்படி ஈடுகட்டுகிறார்கள், ஒரு நாளைக்கு எத்தனை கிராம் புரதம் சேர்கிறது என்று டயட்டீஷியனிடம் கேளுங்கள். கடும் நோயில் ஒரு கிலோ எடைக்கு 1.2 கிராமாவது தேவைப்படும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். எடையும் பாருங்கள், ஆனால் உடம்பில் நீர் கோத்திருந்தால் அது ஏமாற்றும். அப்பாவின் கைப்பிடியில் பலம் கூடுகிறதா, சாய்ந்து உட்கார முடிகிறதா என்பதை நான் இன்னும் அதிகமாக நம்புவேன்.

நிமோனியா ஆறி, சிஆர்பி சரியான பிறகும் பல வாரம் ஆல்புமின் ஏறாமலே இருந்தால், அப்போது சிறுநீரில் புரதம் போகிறதா, கல்லீரல் சரியாக இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள்.