மீன் வாங்காத இரண்டு வாரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

நான் வடசென்னை தண்டையார்பேட்டைக்காரன். அப்பா ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். யூனியன் ஆள். சின்ன வயதில் நான் ஏதாவது செய்தியைப் படித்துவிட்டு வந்து சொன்னால், “பேப்பர் யாருதுன்னு பாத்தியாடா?” என்று கேட்பார். இப்போது அவரே காலையில் கண் விழித்ததும் வாட்ஸ்அப்பில் பத்து ஃபார்வர்ட் தட்டிவிடுகிறார். ராத்திரி டிவி விவாதத்தில் யார் குரல் ஓங்குகிறதோ அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறார். போன வாரம் பெட்ஷீட் விற்க வந்த வடநாட்டுப் பையனைப் பிள்ளை பிடிக்கிறவன் என்று சொல்லி, கேட்டைச் சாத்திவிட்டு, தெரு குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் வேறு போட்டிருக்கிறார்.

ஆபீசில் இன்னொரு கதை. ஓ.எம்.ஆரில் வேலை. தண்டையார்பேட்டை என்று சொன்னதும், “ராத்திரி எட்டு மணிக்கு மேல வெளிய போக முடியுமா?” என்கிறார்கள். எல்லாம் சினிமா பார்த்து வந்த அறிவு. அத்தனை பேரும் படித்தவர்கள்!

ஊடகங்கள் ஜனங்களை இப்படி மந்தையாக்கி வைத்திருக்கின்றனவே, இதற்கு வழியே இல்லையா?

ச., தண்டையார்பேட்டை

*

அன்புள்ள ச.,

முதலில் அந்த வாய்ஸ் மெசேஜ். அப்பாவிடம் சொல்லி, அது தப்பு என்று அதே குரூப்பில் அவர் குரலிலேயே இன்னொன்று போடச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். 2018 மே மாதம் நம் எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில், பிள்ளை பிடிக்க வந்தவன் என்று சந்தேகப்பட்டு ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அதற்கு முன்னால் போன்களில் சுற்றிக்கொண்டிருந்தது உங்கள் அப்பா போட்ட மாதிரிச் செய்திதான். அந்த வருடம் நாடு முழுக்கப் பரவிய வீடியோக்களில் ஒன்றில், பைக்கில் வந்த இருவர் தெருவில் நிற்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார்கள். அது கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்புக்காக எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்த இடத்தை மட்டும் எவனோ வெட்டிவிட்டான். ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், இந்தியாவில் ஒரே தடவையில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி ஆக்கியது. உங்கள் அப்பாவுக்கு ஐந்தே போதும் போலிருக்கிறது.

இனி உங்கள் கடிதம். அதில் அப்பா ஏமாந்திருக்கிறார், ஆபீஸ்காரர்கள் ஏமாந்திருக்கிறார்கள். நீங்கள் ஏமாந்ததாக ஒரு வரிகூட இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

டபிள்யூ. பிலிப்ஸ் டேவிசன் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1983-ல் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தொடக்கத்தில் ஒரு யுத்தக் கதை வரும். இரண்டாம் உலகப் போர், ஐவோ ஜிமா தீவு. அங்கே ஒரு அமெரிக்கப் பிரிவில் சிப்பாய்கள் கறுப்பர்கள், அதிகாரிகள் வெள்ளையர்கள். ஜப்பான் விமானங்கள் வந்து துண்டுப் பிரசுரம் போட்டுவிட்டுப் போயின. இது வெள்ளைக்காரன் யுத்தம், உங்களோடு எங்களுக்குப் பகையில்லை, அவனுக்காக நீங்கள் ஏன் சாக வேண்டும் என்று. மறுநாளே அந்தப் பிரிவை அங்கிருந்து எடுத்துவிட்டார்கள். சிப்பாய்கள் மனம் மாறியதற்கு அத்தாட்சி எதுவும் கிடைக்கவில்லை. பயந்தது அதிகாரிகள், இதைப் படித்தால் இவர்கள் ஓடிவிடுவார்களோ என்று. ஊடகம் அடுத்தவரைத்தான் ஆட்டிவைக்கும், நம்மிடம் அதன் பருப்பு வேகாது என்கிற இந்த நினைப்புக்கு டேவிசன் ‘மூன்றாம் நபர் விளைவு’ என்று பெயர் வைத்தார்.

எனக்கு இது மீன் விஷயத்தில் நடந்தது. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியதே, அப்போது. எர்ணாவூர்க் கரையில் பாறைமேல் தார் மாதிரி அப்பிக் கிடந்ததைப் பையன்கள் வாளியில் அள்ளியது உங்களுக்கும் நினைவிருக்கும். எந்தச் சேனலைத் திருப்பினாலும் அந்த வாளிதான். இல்லையென்றால் செத்து ஒதுங்கிய ஆமை.

நான் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவன். விசைப்படகுகள் நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன் பிடித்து வருவது எனக்குத் தெரியும். எங்கள் தெருமுனையில் கூடை வைத்து உட்காரும் அக்கா செவுளைத் தூக்கிக் காட்டித்தான் விற்பார். செக்கச்செவேல் என்று இருந்தால் புதுசு. அன்றைக்கும் ஒரு சங்கரா மீனின் செவுளைத் தூக்கி என் மூக்குக்கு நேராக நீட்டினார். “பாரு தம்பி. மீனு எங்கேர்ந்து வருது, எண்ணெ எங்க கெடக்குது?” ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் அக்கா என்று சொல்லிவிட்டு நழுவினேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னது இன்னும் மறக்கவில்லை: “எனக்கு ஒண்ணும் பயமில்ல. விருந்தாளி வர்றாங்க, அவங்க பயப்படுவாங்க.” விருந்தாளி வந்து சாப்பிட்டுவிட்டு மறுநாளே போய்விட்டார். நான் இரண்டு வாரம் மீன் வாங்கவில்லை.

டிவி இதில் பொய் சொன்னதா? வாளி நிஜம், எண்ணெய் நிஜம், ஆமையும் நிஜம். எந்தப் படகு எவ்வளவு தூரம் போய் வந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. அதில் பார்க்க என்ன இருக்கிறது? அதே மாதிரிதான், எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் போய்ச் சேர்வதிலும் பார்க்க ஒன்றுமில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடி எண்ணெய் புகுந்தபோது கேமராக்கள் வந்தன. கொஞ்ச நாள் இருந்தன, போய்விட்டன.

ஆபீஸ்காரர்கள் விஷயம் சுலபம். டிவியில் வரும் அடிதடியை வருடக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்த ஜார்ஜ் கெர்ப்னர் என்ற ஆய்வாளர் உண்டு. அதிகம் டிவி பார்க்கிறவர்களுக்கு வெளியுலகம் இருப்பதைவிடப் பயங்கரமாகத் தெரியும் என்பது அவர் கட்சி. வடசென்னை என்றால் கேமரா நுழைந்ததும் அரிவாள்தான். கேரமும் ஃபுட்பாலும் காட்டினாலும், அடுத்து அரிவாள் வரப்போகிறது என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. சரி, ஒன்று கேட்கிறேன். ராத்திரி பதினொரு மணிக்குப் புளியந்தோப்பு வழியாக வரும்போது நீங்கள் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்குவதில்லையா? நான் முறுக்குவேன். இத்தனைக்கும் அங்கே எனக்கு நடந்த ஒரே அசம்பாவிதம் ஆட்டுத்தொட்டிப் பக்கம் வண்டி பஞ்சர் ஆனது. ஒரு பையன் சாத்தின கடையைத் திறந்து ஒட்டிக் கொடுத்தான். புளியந்தோப்பு நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் கண்ணகி நகர் என்றால் முறுக்குவாராம்.

எனக்கு மனசில் நிற்பது அப்பாதான். பேப்பர் யாருது என்று கேட்ட மனிதர் எப்படி இப்படி ஆனார்? அறிவு குறைந்திருக்காது. கூட இருந்த ஆள் குறைந்திருப்பார்கள். அவர் வாலிபத்தில் பேப்பரைப் படிப்பகத்தில்தான் பார்த்திருப்பார். ஒருவர் சத்தமாகப் படிப்பார், பெஞ்சில் நாலு பேர் கேட்பார்கள். ஐந்தாவது ஆள் பீடியை அணைத்துவிட்டு, “அடப் போய்யா, அந்த ஸ்ட்ரைக்ல நான் இருந்தேன், நடந்ததே வேற” என்பார். 1975-ல் சென்னைத் தூர்தர்ஷன் வந்த பிறகும் ரொம்ப நாள் தெருவுக்கு ஒன்றிரண்டு டிவிதான். வாசலில் கூடிப் பார்த்தவர்கள் செய்தி வாசிப்பவரின் புடவையைக்கூட விட்டுவைக்க மாட்டார்கள். 2006-ல் அரசு இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பித்ததும் அவரவர் வீட்டுக்குள் போனோம். (திட்டத்தைக் குறை சொல்லவில்லை. அடுத்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிவி பார்த்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.) அப்புறம் போன் வந்தது. இப்போது ஒரே வீட்டில் நாலு பேர் நாலு மூலையில்.

பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவர் குழுவும் 1940 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்தில் ஒஹையோ மாநிலத்தில் மாதக்கணக்கில் வாக்காளர்களைப் பேட்டி எடுத்தார்கள். ரேடியோவும் பேப்பரும் நேராக வந்து ஆளை ஆட்டுகிறதைவிட, நடுவில் அதைப் பற்றிப் பேச ஒரு மனிதர் இருக்கிறார், அவர் வழியாகத்தான் பல பேரிடம் போய்ச் சேர்கிறது என்று கண்டார்கள். உங்கள் அப்பாவுக்கு அந்த நடு ஆள் போய்விட்டார். நீங்கள் இருக்கிறீர்கள். ஆனால் ‘ஃபேக்’ என்று ஒரு வார்த்தை பதில் போட்டுவிட்டு ஓ.எம்.ஆர். பஸ் ஏறிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

ராத்திரி விவாதம் ஓடும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். சண்டை வேண்டாம். “இந்தச் சேனல் யாருதுப்பா?” என்று மட்டும் கேளுங்கள். அவருடைய கேள்விதானே, பதில் வரும். உங்கள் போனில் ஓடுகிறதெல்லாம் யாருது என்று அவர் திருப்பிக் கேட்டாலும் கேட்பார். அதற்கு ஒரு பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள், என்னிடம் இல்லை. அந்த பெட்ஷீட் பையன் மறுபடி வந்தால் ஒன்று வாங்குங்கள். பேரத்தை அப்பாவிடம் விட்டுவிடுங்கள். மார்கழி வருகிறது.