வாடகை வீட்டுக்கு சுங்குடித் திரை

கேள்வி: வாடகை வீடு, ஆணி அடிக்கக் கூடாது என்கிறார் வீட்டுக்காரர். ஹாலை ஆயிரம் ரூபாய்க்குள் அழகாக்க முடியுமா?
- வாசகி, மதுரை

பதில்: தாராளமாக முடியும். மதுரையில் இருந்துகொண்டு திரைச்சீலைக்குக் காசு செலவழிக்காதீர்கள், பீரோவில் கட்டாமல் கிடக்கும் சுங்குடிப் புடவை ஒன்றை எடுங்கள், உங்கள் ஊருக்கே பேர்போன அந்தப் புள்ளி போட்ட பருத்திப் புடவைதான். ஐந்தரை மீட்டர் என்றால் 18 அடி. ஏழரை அடியில் இரண்டு திரை வெட்டினாலும் மூன்றடி மிஞ்சும், அதில் இரண்டு குஷன் உறை தைக்கலாம். ஆனால் வெட்டுவதற்கு முன்பே துவைத்துவிடுங்கள், பருத்தி சுருங்கும், புதுச் சாயமாக இருந்தால் தனியாக அலசுங்கள். ஜன்னல் சட்டத்துக்குள் இறுக்கி நிற்கும் ஸ்பிரிங் கம்பி கிடைக்கிறது, ஆணியே வேண்டாம். அப்புறம், ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு மூலையில் மஞ்சள் ஒளி தரும் எல்இடி பல்பு ஒன்று போட்டுப் பாருங்கள், சாயங்காலத்தில் அந்தப் புள்ளிகள் அவ்வளவு அழகாக இருக்கும்.