ஹம்பக்கர் பிக்கப்: ஓம் கணக்கைப் பார்த்து வாங்காதீர்கள்

கேள்வி: எபிஃபோன் லெஸ் பால் கிட்டார் வைத்திருக்கிறேன். பிரிட்ஜ் பிக்கப்பை மாற்றப் போகிறேன். சீமோர் டங்கன் நிறுவனத்தின் '59, ஜேபி இரண்டில் ஒன்று என்று முடிவு செய்துவிட்டேன். '59க்குச் சுமார் 8 கிலோ ஓம், ஜேபிக்கு 16க்கு மேல் என்கிறார்கள். அப்படியென்றால் ஜேபி இரண்டு மடங்கு சத்தமா? நான் வாசிப்பது பெரும்பாலும் பழைய ராக், அவ்வப்போது மெட்டல்.

இல்லை, இரண்டு மடங்கு சத்தமில்லை. ஜேபி கொஞ்சம் சத்தம் கூடுதல், அவ்வளவுதான். இந்த ஓம் கணக்கைப் பார்த்துப் பிக்கப் வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய பேர், அதனால் அதையே முதலில் பேசிவிடலாம்.

பிக்கப் என்பது தந்தியின் அதிர்வை மின் சமிக்கையாக மாற்றும் பாகம்; தந்தி முடியும் பக்கம் இருப்பது பிரிட்ஜ் பிக்கப், கழுத்துப் பக்கம் இருப்பது நெக் பிக்கப். இங்கே ஓம் கணக்கு என்பது அதன் காயிலில் சுற்றியிருக்கும் செப்புக் கம்பியின் மின்தடை. கம்பி நீளமானால் தடை கூடும், மெல்லியதானாலும் கூடும். '59 மாதிரி பழைய பாணி ஹம்பக்கரில் (இரட்டைக் காயில் பிக்கப்பில்) வழக்கமாக 42ஆம் நம்பர் கம்பி இருக்கும். அதே சுற்று எண்ணிக்கையை 44ஆம் நம்பர் மெல்லிய கம்பியில் சுற்றினால் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும், ஒரு சுற்றுகூடக் கூடாமலேயே. ஜேபியில் சுற்றும் அதிகம், கம்பியும் மெல்லியது. அந்த 16இல் ஒரு பெரிய பங்கு கம்பியின் மெலிவால் வந்தது, உங்கள் காதுக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. இன்னொன்று, செப்பின் தடை ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் ஏறும். ஏசி அறையில் மல்டிமீட்டர் 8.0 காட்டிய பிக்கப், அதைவிடப் பத்து டிகிரி சூடான மாடி அறையில் 8.3 காட்டும். எனவே 8.0க்கும் 8.3க்கும் நடுவே தொனி வித்தியாசம் தேடி அலைய வேண்டாம்.

தொனியைச் சொல்லும் எண் ஒன்று வேண்டுமென்றால் இண்டக்டன்ஸை, அதாவது காயிலின் மின்தூண்டல் அளவைப் பாருங்கள். '59 பிரிட்ஜ் சுமார் 5 ஹென்றி, ஜேபி 8ஐ ஒட்டி. இது ஏறும்போது பிக்கப் எந்த அதிர்வெண்ணில் உச்சமாக ஒலிக்கிறதோ அது கீழே இறங்கும், அதற்கு மேலே உள்ள பளிச்சென்ற ஓசை மழுங்கும், மிட்ஸ் (நடு ஓசைகள்) முன்னால் வந்து நிற்கும். நீளமான கேபிளும் அந்த உச்சத்தை இன்னும் கீழே இழுக்கும். ஆறு மீட்டர் கேபிளில் கேட்ட பிக்கப்பும் மூன்று மீட்டரில் கேட்ட பிக்கப்பும் ஒன்றல்ல, ஒப்பிடும்போது இதை மறந்துவிடுகிறோம்.

காந்தத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "அல்நிக்கோ 2 மென்மை, அல்நிக்கோ 5 கூர்மை, செராமிக் கரகரப்பு" என்று காந்த வகைகளைப் பற்றி மனப்பாடமாகச் சொல்வார்கள். உங்கள் இரண்டு பிக்கப்பிலும் இருப்பது அல்நிக்கோ 5தான்! காந்தம் ஒன்றாக இருந்தும் ஒலி இவ்வளவு மாறுகிறது என்றால் வித்தியாசம் பெரும்பாலும் சுற்றில்தான் இருக்கிறது. செராமிக் என்றால் கரகரப்பு என்பதும் பொருந்தவில்லை. 1972இல் வந்த டிமார்ஸியோ நிறுவனத்தின் சூப்பர் டிஸ்டார்ஷன் பிக்கப் செராமிக்தான், ஆனால் அதன் ஒலி தடிமனும் இதமும்.

சரி, இரண்டும் எப்படித்தான் ஒலிக்கும்? ஒரே கிட்டாரில் மாற்றி மாற்றிப் போட்டு, ஆம்பில் எதையும் தொடாமல், ஒரே மெட்டைப் பதிவு செய்து பார்த்திருக்கிறேன். முதல் தடவை கேட்டபோது ஜேபிதான் நன்றாக இருந்தது. அப்புறம் ஜேபி பதிவின் சத்தத்தை இறக்கி இரண்டையும் சமமாக்கிக் கேட்டேன், கதை மாறியது. சத்தமாக இருப்பதைக் காது நல்லது என்று எடுத்துக்கொள்ளும், இணையத்தில் பார்க்கும் ஒப்பீட்டு வீடியோக்களில் பாதி இதிலேயே தவறிவிடுகின்றன.

சமமாக்கிய பிறகு '59இல் ஓப்பன் இ கார்டை மெதுவாக வருடினால் ஆறு தந்தியும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. அடித்தந்தியில் நிறைவு, மேலே பளபளப்பு, நடுவில் கொஞ்சம் இடைவெளி. ஆம்பில் கெயின் ஏற்றிவிட்டு (ஒலியைக் கரகரப்பாக்கும் அளவு) கிட்டாரின் வால்யூம் குமிழை 5க்கு இறக்கினால் அந்தக் கரகரப்பு விலகி ஏறக்குறைய கிளீன் ஆகிவிடுகிறது, பழைய ராக்குக்கு இது பெரிய வரம். ஜேபியில் அதே கார்டு ஒரே கட்டியாக வந்து விழுகிறது. ஆனால் மேல் தந்தியில் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே ஒற்றை ஸ்வரத்தை இழுத்துப் பிடியுங்கள், அந்த அப்பர் மிட்ஸ் குரல் மாதிரி பாடும், டிரம்ஸையும் பேஸையும் தாண்டி வெளியே கேட்கும். வால்யூமை இறக்கினாலும் தடிமன் முழுதாகப் போகாது.

உங்கள் தேவைக்கு நான் '59ஐத்தான் சொல்வேன். மெட்டல் வாசிக்கும்போது முன்னால் ஒரு ஓவர்டிரைவ் பெடல் வையுங்கள். டியூப் ஸ்கிரீமர் வகை பெடல் அடித்தந்தியின் கனத்தைக் குறைத்து மிட்ஸைத் தூக்கும், ஜேபி பக்கத்துத் தடிமன் நிறையவே வந்துவிடும். ஜேபியிலிருந்து '59இன் தெளிவை வரவழைப்பது கடினம். ஆனால் உங்கள் ஆம்பில் கெயின் குறைவு, பெடலும் வேண்டாம், சோலோ எடுப்பதுதான் உயிர் என்றால் தயங்காமல் ஜேபிக்குப் போங்கள்.

பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை. கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்புறத்துக்கும் பிக்கப்பின் துருவத் திருகுக்கும் நடுவே அளந்து பாருங்கள். பிரிட்ஜில் 2 மில்லிமீட்டரை ஒட்டியும் நெக்கில் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவும் இருந்தால் சரியான தொடக்கம். அங்கிருந்து அரைச் சுற்று அரைச் சுற்றாகப் பிக்கப்பின் உயரத் திருகைத் திருப்பிக் கேளுங்கள். பிக்கப் செத்துவிட்டது என்று நினைத்த கிட்டார்கள் இதிலேயே உயிர் பெற்றதைப் பார்த்திருக்கிறேன்.

வாங்குவதென்றால் நான்கு கம்பி கொண்ட மாடலாக வாங்குங்கள். சீமோர் டங்கனில் கறுப்பு ஹாட் (சமிக்கைக் கம்பி), பச்சையும் வெற்றுக் கம்பியும் கிரவுண்டு, சிவப்பும் வெள்ளையும் ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றி விட வேண்டும். டிமார்ஸியோவின் நிறக் கணக்கு வேறு, அதைப் பார்த்து இதை இணைக்காதீர்கள். நெக்கில் பழைய பிக்கப்பே இருப்பதால், ஸ்விட்சை நடுவில் வைக்கும்போது ஒலி மெலிந்து தகர டப்பா மாதிரி வந்தால் இரண்டும் எதிரெதிர் ஃபேஸில் இருக்கின்றன, அதாவது ஒன்றின் சமிக்கையை மற்றொன்று அழிக்கிறது. புதிய பிக்கப்பின் கறுப்பையும் பச்சையையும் இடம் மாற்றுங்கள், வெற்றுக் கம்பி மட்டும் கிரவுண்டிலேயே இருக்கட்டும்.