கருநீர் (இலை ஊறிக் கறுத்த, அமிலத்தன்மையுள்ள மென்னீர்) டெட்ராக்கள்: கேள்வி – பதில்

கேள்வி: 60 லிட்டர் தொட்டியில் 12 பச்சை நியான் டெட்ராக்கள் (சிறு மீன்கள்). நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலை ஆறு போட்டும், தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்ததே தவிர, பி.ஹெச். 7.8-ஐ விட்டு இறங்கவில்லை. மீன்கள் வெளிறிக் கிடக்கின்றன. இன்னும் இலை போடலாமா?

பதில்: வேண்டாம். இலை நிறம் தரும், கடினத்தன்மையைக் குறைக்காது. தண்ணீரில் உள்ள கார்பனேட், இலை விடும் அமிலத்தை வந்த சுவடே தெரியாமல் விழுங்கிவிடும். கே.ஹெச். (கார்பனேட் கடினத்தன்மை) பாருங்கள். 8 இருந்தால், மூன்று நாளுக்கு ஒருமுறை 6 லிட்டர் எடுத்துவிட்டு வெறும் ஆர்.ஓ. (உப்பு நீக்கிய) தண்ணீர் ஊற்றுங்கள். 2-க்கு வர ஆறு வாரம் ஆகும், அவசரப்பட வேண்டாம். பிறகு ஒரு பங்கு குழாய்த் தண்ணீர், மூன்று பங்கு ஆர்.ஓ. என்று கலந்து மாற்றினால் அது 2-லேயே நிற்கும். அப்போது மூன்று இலையே வேலை செய்யும். பி.ஹெச். குறைக்கும் திரவம் மட்டும் வேண்டவே வேண்டாம். இன்று இறங்கி நாளை ஏறும். இரண்டு சென்டிமீட்டர் மீன் அந்த ஊசலாட்டத்தைத் தாங்காது. ஃபில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள், நிறத்தை அதுவே குடித்துவிடும்.

கேள்வி: என் தொட்டியில் பி.ஹெச். 5.5. பல வாரம் கழித்துப் பாதித் தண்ணீரை மாற்றினேன். அன்றே மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கின. ஏன்?

பதில்: ஊற்றியது நேரடிக் குழாய்த் தண்ணீராக இருக்கும். பி.ஹெச். 6-க்குக் கீழே கழிவைச் சிதைக்கும் பாக்டீரியா மந்தமாகிவிடும், அம்மோனியா சேரும். ஆனால் அமிலத் தண்ணீரில் அது பெரும்பாலும் அம்மோனியமாக இருப்பதால் மீனைத் தொடாது. குழாய்த் தண்ணீரால் பி.ஹெச். 8-ஐ எட்டினால் அதில் நூற்றில் ஐந்து பங்கு நஞ்சாக மாறும். தொட்டியில் உள்ள அதே கலவையை, குளோரின் நீக்கி, வாரம் பத்து சதவீதம் மாற்றுங்கள். போட்ட தீனி மிஞ்சாமல் பார்ப்பது அதைவிட முக்கியம்.

கேள்வி: இலைமேல் வெள்ளையாகப் படர்கிறதே?

பதில்: கெடுதல் இல்லை. சில நாளில் போய்விடும்.

கேள்வி: தீனித் தூளை வாயில் வாங்கித் துப்பிவிடுகின்றன.

பதில்: வாய்க்குப் பெரிதாக இருக்கிறது. ஆர்ட்டீமியா (நுண்ணிய உப்புநீர் இறால்) பொரித்துக் கொடுங்கள்: ஒரு லிட்டர் தண்ணீர், 25 கிராம் அயோடின் சேராத உப்பு, கால் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை, 28 டிகிரி, இடைவிடாமல் காற்று. ஒரு நாளில் பொரியும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடுகள் மிதக்கும். அடியில் டார்ச் காட்டினால் குஞ்சுகள் செம்மஞ்சளாகத் திரளும். அவற்றை மட்டும் குழாயால் உறிஞ்சி, மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். மீன்களின் வயிறு செம்மஞ்சளாகத் தெரிந்தால் நிறுத்திவிடலாம்.