வருகை நெருங்கிவிட்டது என்கிறார்கள்; வீடு கட்டலாமா?

இலங்கை மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய சபையில் வாரந்தோறும் "ஆண்டவரின் வருகை மிகச் சமீபம்" என்று பிரசங்கிக்கிறார்களாம். காணி கிடைத்தும் வீட்டு வேலையைத் தொடங்க மனம் வரவில்லை, மகளை உயர்தரம் படிக்க அனுப்பவும் தயக்கம். முடிவு உண்மையிலேயே வந்துவிட்டதா என்கிறார்.

சகோதரி, அத்திவாரத்தை வெட்டுங்கள். மகளை அனுப்புங்கள். வருகையை முழு மனதோடு நம்புகிறவனாகத்தான் இதைச் சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மயானம் மேற்கே இறங்கும் சரிவில் இருக்கிறது. சரிவுக்குக் குறுக்கே குழி வெட்டினால் வேலை சுலபம். தாத்தாவை அடக்கம் செய்த அன்று அம்மாயி அதற்குச் சம்மதிக்கவில்லை. கால் கிழக்கே இருக்க வேண்டும் என்றார். மின்னல் கிழக்கில் தோன்றி மேற்கு வரை பிரகாசிப்பது போல மனுஷகுமாரன் வருவார் என்று மத்தேயு 24இல் இருக்கிறது. எழும்பும்போது தாத்தாவின் முகம் அவரைப் பார்த்திருக்க வேண்டுமாம். அதனால் மேட்டுப் பக்கத்தை ஓர் ஆள் மறையும் அளவுக்கு இறக்கி வெட்ட வேண்டியதாயிற்று. நான்கு பேர் விடியற்காலையில் தொடங்கி, பழைய தேயிலை வேர்களைக் கவ்வாத்துக் கத்தியால் அறுத்து அறுத்து, உச்சிப் பொழுது வரை தோண்டினார்கள்.

அம்மாயியிடம் பயம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அவரிடம் இருந்தது ஏக்கம். இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்தில், மலையகத் தமிழரான நம் மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவானது. அப்படிப் போனவர்களில் அவருடைய தம்பியும் ஒருவர். அட்டன் ஸ்டேஷனில் கோச்சி நகர்ந்தபோது யன்னலில் இருந்த தம்பியின் கையை விடாமல் மேடை முடியும் வரை நடந்ததாகச் சொல்வார். பிறகு இருவரும் சந்திக்கவே இல்லை. 1 தெசலோனிக்கேயர் 4ஆம் அதிகாரத்தை அவர் இந்தக் கையோடுதான் வாசித்தார்.

அந்த அதிகாரம் எழுதப்பட்டதும் அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். செத்துப்போன நம்மவர்கள் வருகையைக் காணாமல் போய்விடுவார்களோ என்று கலங்கியவர்களுக்குப் பவுல் எழுதிய பதில் அது. மரித்தவர்கள் முதலில் எழுந்திருப்பார்கள், பிறகு எல்லோரும் ஒன்றாக ஆண்டவரைச் சந்திப்பார்கள் என்று எழுதிவிட்டு, இந்த வார்த்தைகளால் ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று முடிக்கிறார். தேற்றுவதற்காகக் கொடுத்ததை வைத்து மிரட்டுவது எனக்குப் பொறுக்கவில்லை.

விசுவாசிகள் முதலில் இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள், பிறகு பூமியில் ஏழு ஆண்டு உபத்திரவம் என்று இன்று பிரசங்கிக்கிற வரிசைக்கு அவ்வளவு வயதில்லை. 1830களில் ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் வகுத்த போதனை அது. 1909இல் வந்த ஸ்கோபீல்டு வேதாகமத்தின் குறிப்புகள் அதை எங்கும் பரப்பின. பழைய சபைகள் நிசேயா விசுவாசப் பிரமாணத்தில் சொல்லி வந்தது, உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க அவர் மகிமையோடு திரும்ப வருவார் என்பது மட்டுமே. எனக்கு அது போதும்.

நாள் குறிப்பது வேறு விஷயம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரைப் பின்பற்றியவர்கள் வருகை 1844 அக்டோபர் 22 என்று நம்பிக் காத்திருந்து நொறுங்கிப்போனார்கள். எங்கள் லயத்துக்கு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வந்த ஒரு பிரசங்கியார் 1999உடன் எல்லாம் முடியும் என்றார். நான்காவது காம்பராவில் இருந்தவர் கறவை மாட்டை விற்றார். தை பிறந்தது. அவருடைய பிள்ளைகள் பக்கத்துக் காம்பராவில் பால் கேட்டு நின்றார்கள். அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவருக்கே தெரியும் என்று இயேசுவே சொன்ன பிறகு, நாள் குறிப்பதற்கு யாருக்கு அதிகாரம்?

கடைசிக் காலத்து அடையாளங்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த வாரமே இது கடைசிக் காலத்தின் அடையாளம் என்று பிரசங்கம் கேட்டேன். எழுந்து வெளியே வந்துவிட்டேன். அந்த இடம் ஆபத்தானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஆனாலும் மக்கள் அதே லயத்தில்தான் இருந்தார்கள். தீர்க்கதரிசனம் என்று பெயர் வைத்துவிட்டால் அவர்களுக்கு ஏன் வேறு வீடு கிடைக்கவில்லை என்று யாரும் கேட்க மாட்டார்கள். யுத்தங்களையும் பஞ்சங்களையும் பூமியதிர்ச்சிகளையும் சொன்ன இயேசு, கலங்காதிருங்கள் என்றும் அதே மத்தேயு 24இல் சொன்னார்.

எஜமான் திரும்பும்போது கொடுத்த வேலையைச் செய்துகொண்டிருக்கிற ஊழியக்காரனே பாக்கியவான் என்கிறதும் அதே அதிகாரம்தான். தோட்டத்தில் பிறந்த நமக்கு எஜமான் என்றாலே தோட்டத்தை நடத்தும் துரையின் முகம் வந்து வயிறு கலங்கும். அம்மாயி அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார்: துரை வந்தால் கொழுந்தை நிறுப்பார், ஆண்டவர் வந்தால் கண்ணீரைத் துடைப்பார். வீட்டுக்குச் சுவர் எழுப்புவதும் மகளைப் படிக்க வைப்பதும் இப்போது உங்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை.

அம்மாயி 2016இல், அடை மழையில் நித்திரையடைந்தார். தாத்தாவுக்குப் பக்கத்தில் அதே போக்கில் குழி வெட்டினோம். மேட்டுப் பக்கத்தில் ஒரு பாறை தட்டுப்பட்டது. சற்றுத் திருப்பி வெட்டலாம் என்று ஒருவர் சொன்னார்; மாமா வேண்டாம் என்றார். அலவாங்கால் உடைத்து முடிக்க மாலையாகிவிட்டது. கால் கிழக்கேதான் இருக்கிறது.